காலை முதல் ஸ்டார்ட்டில் டப்பெட் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்கினேன். வாங்கிய வாரமே, காலையில் சாவியைத் திருப்பியதும் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். பத்து நொடி இருக்கும், அப்புறம் அடங்கிவிடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். என்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லி, பெரிய தொகை ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் மாற்ற வேண்டியிருந்தது ஆயில் ஃபில்டர் மட்டும்தான். அந்தக் கதை கீழே வருகிறது. அதற்குப் பிறகு நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளையும், பார்த்தும் படித்தும் பல மெக்கானிக்குகளிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

டப்பெட் சத்தம் என்றால் என்ன? எது எதன்மேல் அடிக்கிறது?

என்ஜினின் ஹெட்டுக்குள் கேம் ஷாஃப்ட் சுற்றுகிறது. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். ஒவ்வொரு மேடும் வரும்போது ராக்கர் என்ற நெம்புகோலையோ டப்பெட் என்ற சின்ன உலோகத் துண்டையோ அழுத்தி வால்வைத் திறக்கிறது. மேடு கடந்து போனதும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடுகிறது. வால்வு முழுதாக மூடி உட்கார வேண்டுமானால் கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும். சூட்டில் எல்லாப் பாகங்களும் நீளும். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூடப் போகும். இடைவெளியே இல்லாவிட்டால் நீண்ட வால்வு மூட முடியாமல் சற்றே திறந்தபடி நின்றுவிடும்.

இந்த இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அது கூடிப்போனால், அழுத்த வரும் பாகம் வால்வின் முனையை மெல்லத் தொடாமல் சுத்தியல்போல அடிக்கும். அந்த ‘டக் டக்’தான் டப்பெட் சத்தம்.

கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கிவிடுகிறதே, அது எப்படி?

இரண்டு காரணங்கள். முதலாவது, எண்ணெய். இரவு முழுக்க வண்டி நிற்கும்போது மேலே ஹெட்டில் இருந்த ஆயில் மெல்ல வடிந்து, என்ஜினின் அடியில் இருக்கும் சம்ப் என்ற தொட்டிக்கு இறங்கிவிடும். காலையில் ஆயில் பம்ப் அதை மறுபடி ஃபில்டர் வழியாக, சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக, மேலே கேம் வரை ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் உலோகத்துக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் எண்ணெய்ப் படலம் மெலிந்துதான் இருக்கும்.

இரண்டாவது, சூடு. பாகங்கள் விரிய விரிய இடைவெளியின் அளவு மாறும். ஆனால் எல்லா என்ஜினிலும் ஒரே மாதிரி மாறாது. அலுமினியம் ஹெட் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சில என்ஜின்களில் சூடானதும் இடைவெளி குறையும், சிலவற்றில் கூடும். மேனுவலில் ‘குளிர்ந்த நிலையில் இவ்வளவு’, ‘சூடான நிலையில் இவ்வளவு’ என்று பிரித்துப் போட்டிருப்பது இதனால்தான். ‘சூடானால் எல்லாம் டைட் ஆகிவிடும்’ என்று பொதுவாகச் சொல்வதை நம்பி அளவு வைக்காதீர்கள்.

ஹைட்ராலிக் டப்பெட் என்கிறார்களே, அதிலும் சத்தம் வருமா?

வரும். காலை ஸ்டார்ட்டில் மட்டும் சத்தம் வந்து அடங்குவதற்கு இந்த வகைதான் பேர்போனது.

இதற்குள் ஏறி இறங்கும் ஒரு குட்டித் தண்டு (பிளஞ்சர்), ஒரு ஸ்பிரிங், எண்ணெய் திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு சின்ன குண்டு இருக்கும். என்ஜினின் ஆயில் பிரஷர் உள்ளே புகுந்து பிளஞ்சரை மேலே தள்ளி இடைவெளியைத் தானாகவே நிரப்பிவிடும். திரவத்தை அமுக்க முடியாது என்பதால், உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும்வரை அது கெட்டி இரும்புபோல நிற்கும். செட்டிங்கே தேவையில்லை. 1930-ல் வந்த காடிலாக் வி-16 காரிலேயே எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைச் சரிசெய்யும் அமைப்பு இருந்தது.

சரி, சத்தம் எங்கிருந்து? என்ஜினை நிறுத்தும்போது சில வால்வுகள் திறந்த நிலையிலேயே நின்றுவிடும். அந்த வால்வுகளின் ஸ்பிரிங் இரவு முழுக்க அந்த லிஃப்டரை (ஹைட்ராலிக் டப்பெட்டை இப்படியும் சொல்வார்கள்) அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து லிஃப்டர் அமுங்கிவிடும். காலையில் மறுபடி எண்ணெய் நிரம்பும் வரை அது மட்டும் ‘டக் டக்’ என்று அடிக்கும். ஒருநாள் சத்தம் வருகிறது, மறுநாள் வருவதில்லை என்று குழம்புகிறவர்களுக்கும் விடை இதுதான். என்ஜின் எந்த நிலையில் நின்றது என்பது தினமும் ஒன்றாக இருக்காது.

என் காரில் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேனுவலில் சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள். வால்வு இடைவெளி பார்க்கச் சொல்லி ஒரு வரி இருந்தால் அது கையால் அளவு வைக்கும் வகை. இல்லாவிட்டால் ஹைட்ராலிக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் விசாரித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நம் சாலைகளில் அதிகம் பார்த்தவற்றில் சில. அம்பாசடரின் பழைய 1489 சிசி என்ஜினும் பிரீமியர் பத்மினியும், கீழே இருக்கும் கேமிலிருந்து நீளமான கம்பி (புஷ் ராடு) வழியாக ராக்கரைத் தள்ளும், திருகாணியால் அளவு வைக்கும் வகை. மாருதி 800-ன் 796 சிசி என்ஜினில் கேம் மேலேயே இருக்கும், ஆனாலும் திருகாணிதான். ஹோண்டா சிட்டியின் பழைய ஐ-விடெக் பெட்ரோல் என்ஜின்களும் அப்படியே. வேகன் ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றில் வந்த மாருதியின் கே வரிசை என்ஜின்களில் கிண்ணம் போன்ற டப்பெட்டுகள் இருக்கும். அளவு மாற்ற வேண்டுமானால் வேறு தடிமனில் டப்பெட்டையே மாற்ற வேண்டும். ரெனோ டஸ்டர், நிசான் சன்னி டீசல்களில் வந்த 1461 சிசி என்ஜினும் இந்த இனம். ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா எனப் பல கார்களில் ஓடிய ஃபியட்டின் 1248 சிசி டீசல் ஹைட்ராலிக்.

இது தெரியாமல் சத்தத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. ஹைட்ராலிக் என்ஜினுக்கு ‘டப்பெட் செட்டிங் செய்தோம்’ என்று யாராவது பில் போட்டால், என்ன செய்தார்கள் என்று நின்று கேளுங்கள்.

எத்தனை நொடி வரை பரவாயில்லை?

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். சத்தம் எவ்வளவு பெரிது என்பதைவிட, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதுதான் நோயைக் காட்டும்.

இரண்டு மூன்று நொடி வந்து போனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஓடி உழைத்த என்ஜினில் ஐந்து நொடி வரைகூட நான் பொறுத்துக்கொள்வேன். பத்து நொடியைத் தாண்டி, அதுவும் தினமும் வந்தால் ஆயில் அளவு, ஆயிலின் வயது, ஃபில்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும், பதினைந்து இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் அது காலை ஸ்டார்ட் பிரச்சினையே இல்லை. திருகாணி வகையானால் அளவு தளர்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் வகையானால் லிஃப்டர் ஒன்று செத்திருக்கலாம், அல்லது எண்ணெய் மேலே போதிய அழுத்தத்தில் வரவில்லை.

எனவே எந்தச் செலவும் செய்வதற்கு முன் ஒரு வாரம் மொபைலில் பதிவு செய்யுங்கள். பானட்டைத் திறந்துவைத்து, மொபைலை ஒரே இடத்தில் வைத்து, வீட்டில் ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். வண்டி எத்தனை மணி நேரம் நின்றது, எத்தனை நொடியில் அடங்கியது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இதையே மறுபடி செய்தால், சத்தம் வளர்கிறதா அப்படியே இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இப்படி ஒரு பதிவு கையில் இருந்தால் பயமும் போய்விடும், தேவையில்லாத வேலையும் தலையில் விழாது.

சென்னையிலும் மதுரையிலும் குளிரே கிடையாதே, இங்கே ஏன் ‘கோல்டு ஸ்டார்ட்’ சத்தம்?

என்ஜினுக்குக் குளிர் என்பது வேறு. அது வேலை செய்யும் சூடு 90 டிகிரியை ஒட்டி இருக்கும். சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வெப்பநிலை நிற்கும். நமக்கு அது இதமான காலை. என்ஜினுக்கு 70 டிகிரி குறைவு.

5டபிள்யூ-30 என்ற கிரேடு ஆயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் அது ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும். 20 டிகிரியில் இன்னும் கெட்டி. ஆனால் ஓட முடியாத அளவுக்குக் கெட்டி இல்லை. சமவெளியில் இந்தச் சத்தத்துக்கு முதல் காரணம் எண்ணெய் உறைவது அல்ல, மேலே இருந்த எண்ணெய் வடிந்துபோவது. பனிகொட்டும் நாடுகளுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே இங்கே பின்பற்றினால் வேலைக்கு ஆகாது.

மலைமேல் கதை கொஞ்சம் மாறும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி பூக்கும். சமவெளியிலிருந்து போகிற வண்டியில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால், அங்கே மறுநாள் காலையில் சத்தம் நீண்டு கேட்கும்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்கிறார்களே?

அடங்கலாம். அதனால்தான் இந்தப் பழக்கம் சாகமாட்டேன் என்கிறது. ஆனால் என்ன விலை கொடுத்து அடங்குகிறது என்று பாருங்கள்.

டின்னில் இருக்கும் இரண்டு எண்களில், டபிள்யூவுக்கு முன் இருப்பது குளிரில் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்கிறது. பின்னால் இருப்பது 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை. 40 டிகிரியில் 20டபிள்யூ-50 ஆயில், 5டபிள்யூ-30 ஆயிலைவிட இரண்டு மடங்குக்கு மேல் கெட்டி. சூடான என்ஜினில் அந்தக் கெட்டிப் படலம் சத்தத்தை மழுப்பும், உண்மைதான். காலையிலோ அதே கெட்டித்தன்மை காரணமாக எண்ணெய் மேலே போய்ச்சேர இன்னும் தாமதமாகும். எந்தச் சில நொடிகளில் கேம் ஷாஃப்ட் எண்ணெய்க்காகக் காத்திருக்கிறதோ, அந்த நொடிகளை நாமே நீட்டிவிடுகிறோம்.

0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயிலுக்காகவே வடிவமைத்த புதிய என்ஜின்களில் இன்னும் மோசம். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு, டைமிங் செயினை இறுக்கும் டென்ஷனர் எல்லாம் அந்த எண்ணெயின் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை.

மேனுவலில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகள் இருக்கும். அந்தப் பட்டியலுக்குள், ஊரின் வெப்பத்துக்கும் ஓடிய கிலோமீட்டருக்கும் ஏற்றபடி ஒரு படி மாறிக்கொள்ளலாம். அதைத் தாண்டாதீர்கள். சத்தத்தை அடக்கத்தான் ஆயில் மாற்றுகிறீர்கள் என்றால், நோயைத் தேடாமல் வாயைப் பொத்துகிறீர்கள் என்று அர்த்தம். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஆயில் ஃபில்டரால் இவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். என் கதை இதுதான்.

ஃபில்டருக்குள் ரப்பர் அல்லது சிலிக்கானால் செய்த ஒரு வட்டத் தகடு இருக்கும். என்ஜின் நின்றதும் ஃபில்டரில் இருக்கும் எண்ணெய் திரும்பி வடிந்துபோகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஃபில்டர் படுத்தவாக்கிலோ தலைகீழாகவோ மாட்டியிருக்கும் என்ஜின்களில் இந்தத் தகடு இல்லாமல் எதுவும் நிற்காது. மலிவு ஃபில்டர்களில் இந்த ரப்பர் சில மாதங்களில் கெட்டியாகி ஒழுகத் தொடங்கும். போலி ஃபில்டர்களில் அது ஒழுங்காகப் பொருந்துவதே இல்லை. இரவில் ஃபில்டர் காலியாகிவிடும். காலையில் பம்ப் முதலில் அதை நிரப்ப வேண்டும், அப்புறம்தான் மேலே அனுப்ப முடியும்.

நான் வாங்கிய காரில் பெயர் தெரியாத ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தது. அதைக் கழற்றியபோது உள்ளே எண்ணெயே இல்லை. கம்பெனி ஃபில்டரும் மேனுவலில் சொன்ன ஆயிலும் போட்ட மறுநாள் காலை, பத்து நொடி இரண்டு நொடியானது. ஹெட்டைத் திறந்திருந்தால் அந்தப் பணமும் போயிருக்கும், பிரச்சினையும் அப்படியே இருந்திருக்கும். சில நூறு ரூபாய் சாமானை முதலில் மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய வேலையை யோசிக்க வேண்டும் என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குறைவாக இருந்தால் திருப்பங்களில் பம்ப் காற்றை உறிஞ்சும். அதிகமாக ஊற்றியிருந்தால், பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அடித்து நுரைக்க வைக்கும். இரண்டிலுமே எண்ணெயோடு காற்று கலந்துவிடுகிறது. காற்றை எளிதில் அமுக்கலாம் என்பதால் ஹைட்ராலிக் லிஃப்டர் பஞ்சு மாதிரி ஆகிவிடும். ‘கொஞ்சம் சேர்த்தே ஊற்றியிருக்கேன் சார்’ என்று சொல்வது உபகாரம் இல்லை.

வால்வு சத்தம்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

காலையில் ‘டக் டக்’ என்று கேட்பதெல்லாம் டப்பெட் இல்லை. தவறாகப் புரிந்துகொண்டு வால்வு வேலை பார்த்த வண்டிகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாடை உண்டு.

டப்பெட் சத்தம் மேலே, ஹெட்டை மூடியிருக்கும் டப்பெட் கவருக்கு நேர் கீழே கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தம். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். 800 ஆர்பிஎம்மில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை, அதாவது நொடிக்கு ஆறேழு முறைதான் திறக்கும். ஒரே ஒரு வால்வு அடித்தால் அந்தத் தாளம்தான் வரும். மொபைல் பதிவை மெதுவாக ஓட்டினால் எண்ணிவிடலாம். அதைவிட இரட்டிப்பு வேகத்தில், கீழிருந்து, கனமாக ‘டொக் டொக்’ என்று கேட்டால் அது பேரிங் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.

ஏமாற்றுவதில் முதலிடம், ஹெட்டிலிருந்து புகையை எடுத்துப்போகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கசிவுக்குத்தான். இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தாலோ போல்ட் உடைந்திருந்தாலோ குளிர்ந்த நிலையில் ‘டிக் டிக்’ என்று புகை வெளியே துப்பும். சூடானதும் உலோகம் விரிந்து இடுக்கு மூடிக்கொள்ளும், சத்தம் நின்றுவிடும். டப்பெட் போலவே நடந்துகொள்ளும். கசியும் இடத்தில் கறுப்புப் புகைக்கறை படிந்திருப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு நொடி சங்கிலி இழுப்பதுபோல ‘கரகர’ என்றால், கிராங்கையும் கேமையும் இணைக்கும் டைமிங் செயின் பக்கம் பாருங்கள். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல என்ஜின்களில் எண்ணெய் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. அதிலிருந்து எண்ணெய் வடிந்தாலும் இதே காலைப் பிரச்சினைதான். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

பிஸ்டன் ஸ்லாப், அதாவது பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவது, மந்தமான சத்தம், சிலிண்டர் பக்கவாட்டில் கேட்கும், சூடாகும்போது படிப்படியாகக் குறையும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ‘டிக் டிக்’ எந்நேரமும் ஒரே சீராக இருக்கும், அது இயல்பு. டீசலில் குளிர்ந்த நிலையில் எரிபொருள் எரியும் சத்தமே பலமாக இருக்கும்.

காதால் இடம் பிடிக்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கவரில் வைத்து, கைப்பிடியை காதோரம் வைத்துக் கேட்பார்கள். எளிய வழி, ஆனால் கவனம். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாக ஓடத் தொடங்கும். துண்டு, துப்பட்டா, தொங்கும் செயின் எதுவும் கழுத்தில் வேண்டாம்.

டப்பெட் செட்டிங்கை வீட்டில் செய்யலாமா?

திருகாணி வகையானால், பொறுமை இருந்தால் செய்யலாம். மேனுவல் சொல்லும் நிலையில் என்ஜின் இருக்க வேண்டும். ஹோண்டா தன் என்ஜின்களுக்கு, ஹெட்டின் சூடு 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் அளவு வைக்கச் சொல்கிறது. நம் வெயிலில் அதற்குக் காலையைத் தவிர வேறு நேரம் கிடையாது.

டப்பெட் கவரைக் கழற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை மேல் முனைக்குக் கொண்டுவந்து, அந்த சிலிண்டரின் வால்வுகள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று ராக்கரை ஆட்டிப் பாருங்கள். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்து இழுத்தால், இரண்டு தாளுக்கு நடுவில் மூன்றாவது தாளை இழுப்பதுபோல லேசான பிடிப்பு தெரிய வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது திருகாணி கொஞ்சம் சேர்ந்து சுற்றிவிடும், பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. இறுக்கிய பிறகு மறுபடி தகட்டைப் போட்டுப் பாருங்கள். கவரின் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். பழையதையே போட்டால் ஆயில் ஒழுகி சைலன்சர் மேல் சொட்டி நாற்றமடிக்கும்.

கிண்ண வகைக்கு மைக்ரோமீட்டரும் பல அளவு டப்பெட்டுகளும் வேண்டும். சில வால்வுகளுக்குக் கேமையே கழற்ற வேண்டிவரும். அதை வீட்டில் தொடாதீர்கள்.

சத்தமே இல்லை என்றால் வால்வு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. திருகாணி வகையிலும் கிண்ண வகையிலும் சத்தம் போடும் வால்வைவிட ஊமையாகிப்போன வால்வுதான் ஆபத்து.

காலப்போக்கில் வால்வும் அது உட்காரும் சீட்டும் தேயும்போது, வால்வு மேலே ஏறி இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தமும் குறையும். என்ஜின் ‘ஸ்மூத்’ ஆகிவிட்டதாகத் தோன்றும். ஒருநாள் இடைவெளி பூஜ்யமாகி, எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். வால்வு தன் சூட்டைச் சீட்டோடு ஒட்டியிருக்கும் நேரத்தில்தான் இறக்கிவைக்கிறது. அந்த நேரம் கிடைக்காவிட்டால் ஓரம் கருகி ஓட்டை விழும். ஐடிலிங்கில் மிஸ்ஸிங், ஏற்றத்தில் இழுவை இல்லாமை என்று அப்போதுதான் தெரியவரும். அந்தக் கட்டத்தில் ஹெட் வேலை தவிர வழி இல்லை.

எல்பிஜி, சிஎன்ஜி மாற்றிய பெட்ரோல் வண்டிகளில் சீட் தேய்மானம் வேகமாக நடக்கும். திரவ எரிபொருள் தரும் குளிர்ச்சியும் மெல்லிய படலமும் கேஸில் கிடையாது. கேஸில் ஓடும் காரை வைத்திருப்பவர்கள் சத்தத்துக்காகக் காத்திருக்காமல், மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் அளவைப் பார்த்துவிடுங்கள். தகடு நுழையாத அளவுக்கு ஒரு வால்வு இறுகியிருந்தால் உடனே சரிசெய்யுங்கள். சத்தத்தைத் தாங்க முடியாமல் அளவைவிட இறுக்கமாக வைக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அமைதி சில ஆயிரம் கிலோமீட்டரில் வால்வைத் தின்றுவிடலாம்.

ஆயில் மாற்றும்போது டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவுவது நல்லதா? ஆடிட்டிவ் ஊற்றலாமா?

டீசல், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். மசகுத்தன்மை இல்லாத திரவத்தில் பேரிங்குகளை ஓட்டுவது ஒரு கேடு. இன்னொரு கேடு, பல வருடமாக ஒட்டிக்கிடந்த கறுப்பு வண்டல் ஒரேயடியாகப் பெயர்ந்து, பம்ப் உறிஞ்சும் வலையை அடைத்துவிடலாம். நேற்றுவரை ஐந்து நொடி டப்பெட் சத்தம் மட்டும் இருந்த வண்டி, அதற்குப் பிறகு ஆயில் பிரஷரே இல்லாமல் நிற்கும்.

ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புக் களிம்பு தெரிகிற வண்டிக்கு என் வழி மெதுவான வழி. நல்ல ஆயிலும் ஃபில்டரும் போட்டு 2,000, 3,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். இன்னொரு முறையும் அப்படியே. ஆயிலிலேயே அழுக்கைக் கரைக்கும் சேர்மானங்கள் இருக்கின்றன, அவை கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யும். ஒட்டிக்கொண்ட ஹைட்ராலிக் லிஃப்டர் இதிலேயே விடுபட்டுவிடுவது உண்டு. சுத்தம் செய்யும் ஆடிட்டிவ் சில சமயம் உதவும், ஆனால் தேய்ந்த லிஃப்டரை எந்தப் புட்டியும் புதிதாக்காது. ஆயிலைக் கெட்டியாக்கும் வகை ஆடிட்டிவ்களுக்கு நான் 20டபிள்யூ-50 பற்றிச் சொன்னதே பொருந்தும்.

ஸ்டார்ட் ஆனதும் ரேஸ் கொடுத்தால் ஆயில் சீக்கிரம் ஏறுமே?

பம்ப் வேகமாகச் சுற்றும், உண்மை. ஆனால் எண்ணெய் இல்லாத கேமும் அதே வேகத்தில் சுற்றும். கால் வைக்காதீர்கள். ஐடிலிங்கில் அரை நிமிடம் விட்டு, அப்புறம் சூடு ஏறும்வரை மென்மையாக ஓட்டுங்கள். பத்து நிமிடம் நிறுத்திவைத்துச் சூடேற்றுவதும் வீண். அதில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலப்பதுதான் மிச்சம்.

ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து எடுத்தேன், ஒரு நிமிடம் சத்தம் வந்தது. பயப்பட வேண்டுமா?

டாஷ்போர்டில் ஆயில் லைட் சில நொடிகளில் அணைந்துவிட்டதா? அப்படியானால் பயம் வேண்டாம். அமுங்கிப்போன லிஃப்டர்களில் காற்று புகுந்திருக்கும். கொஞ்சம் சூடானதும் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள், அநேகமாகச் சரியாகிவிடும். ஆயில் மாற்றிய பிறகு வரும் முதல் ஸ்டார்ட்டிலும் இப்படிச் சில நொடி சத்தம் வரும், ஃபில்டர் காலியாக இருப்பதால்.

லிஃப்டர் ஒன்று போய்விட்டது என்கிறார்கள். அதை மட்டும் மாற்றினால் போதுமா?

ஒன்று தேய்ந்திருந்தால் மற்றவையும் அதே கிலோமீட்டர் ஓடியவைதான். கவரைத் திறந்து கேமைக் கழற்றும் கூலிதான் பெரிய செலவு என்பதால், முழு செட்டாக மாற்றுவதே நல்லது. அதற்கு முன், கேம் மேடுகளில் தேய்மானம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பள்ளம் விழுந்த கேமின் கீழ் புது லிஃப்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். புது லிஃப்டர் போட்டதும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. அவை நீண்ட நிலையில் இருந்தால் வால்வு பிஸ்டனில் தட்டும். ஃபோக்ஸ்வாகன் தன் என்ஜின்களுக்கு அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது. அவசரப்படுத்தாமல் மெக்கானிக்குக்கு அந்த நேரத்தைக் கொடுங்கள்.

எப்போது உடனே அணைக்க வேண்டும்?

ஆயில் லைட் அணையாமல் எரிந்தால், ஓட்டும்போது மறுபடி எரிந்தால், சத்தம் திடீரென்று பெரிதானால். வீட்டுக்குப் பக்கம்தானே என்று ஓட்டாதீர்கள். அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒரு நிமிடத்தில் பேரிங் போய்விடும். ஓரங்கட்டி, அணைத்து, டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

முந்தின நாள் மாலையே வண்டியை அவரிடம் விட்டுவிடுங்கள். காலையில் நீங்கள் ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தும்போது சத்தம் நின்றிருக்கும், அவரும் ஊகத்தில்தான் பேச வேண்டியிருக்கும். மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை அவரே கேட்கட்டும். உங்கள் பதிவையும் நொடிக் கணக்கு எழுதிய தாளையும் கொடுங்கள். கடைசியாக எந்த ஆயில், எந்த ஃபில்டர், எத்தனை கிலோமீட்டருக்கு முன் என்று சொல்லுங்கள். கேஜ் வைத்து ஆயில் பிரஷர் அளந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பிரஷர் சென்சரைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டினால் போதும், சின்ன வேலைதான். ஹெட்டைக் கழற்றலாமா என்ற பேச்சை அந்த அளவைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.